எல்லை தாண்டாத அகதிகளும் ஒகாட்டா அம்மையாரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய இராஜதந்திரி சடாகோ ஒகாட்டா அம்மையாரைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். முதலில் அதற்கு நன்றி. எங்கள் பிள்ளைகளுக்கு சடாகோ என்றால் ஹிரோஷிமாவில் காகிதக் கொக்கு மடித்த சிறுமியைத்தான் தெரியும். இன்னொரு சடாகோவும் இருந்தார் என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை எழுதியது எனக்குப் பெரிய சந்தோஷம். இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை வாசிக்கும்போது மனம் கேட்கவில்லை. இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கட்டுரையில் ‘முதல் பெண்’ என்ற சொல் ஐந்து இடங்களில் வருகிறது. ஐ.நா.வில் ஜப்பான் தூதுக்குழுவில் அமைச்சர் தரத்தில் இருந்த முதல் பெண், அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராக வந்த முதல் பெண், இப்படி. விருதுகளுக்கு ஒரு பந்தி. மக்சேசே விருது, இந்திரா காந்தி பரிசு எல்லாம் சரியாகவே உள்ளன. ஆனால் எல்லை தாண்டாத ஈராக்கியக் குர்திஷ் மக்களுக்கும் உதவுவது என்று 1991 ஏப்ரலில் அவர் எடுத்த முடிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இராமன் காட்டுக்குப் போனதைச் சொல்லாமல் இராமாயணம் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. அந்த ஒரு முடிவுக்காகத்தான் நான் முப்பது வருடத்துக்கு மேலாக அவர் பெயரை நினைவில் வைத்திருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. 1990 ஜூனில் இலங்கையில் அரசுக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்கு 25 வயது. மன்னார்த் தீவில் இருந்தோம். அண்ணா குடும்பத்தோடு படகேறி இராமேஸ்வரம் போய்விட்டார். அம்மாவுக்கு நடக்கவே ஏலாது, இரவில் படகில் ஏற்றுவது எப்படி? நான் அவருடன் நின்றேன். பிறகு நிற்கவும் முடியாமல், கிடைத்த சைக்கிளில் அம்மாவை வைத்துத் தள்ளிக்கொண்டு மடு மாதா கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கோயிலைச் சுற்றியிருந்த காட்டில், ஒரு பாலை மரத்தடியில் எங்கள் கொட்டில்.

ஒரே வீட்டில் பிறந்து, ஒரே ஷெல்லுக்குப் பயந்து ஓடிய இரண்டு பேர். அண்ணா கடலைக் கடந்தார், அவருக்கு அகதி என்று பெயர் வந்தது. நான் கடக்கவில்லை. ஒரு கந்தோரில் நிவாரணப் பதிவுக்குப் போனபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர், “பிள்ளை, நீங்கள் அகதி இல்லை, நாட்டுக்குள்ளேதானே இருக்கிறீங்கள்” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆனால் அந்த வசனம் என்னை நீண்ட நாள் தின்றது. வீடு இல்லை, வேலை இல்லை, அடுத்த வேளைச் சோறு யார் கையில் என்று தெரியாது. ஆனாலும் நான் அகதி இல்லை. அப்படியானால் நான் யார்?

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருந்தது என்பதைப் பல வருடம் கழித்தே படித்தேன். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டுச் சமவாயம் அகதி யார் என்று சொல்லும்போது, தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர் என்கிறது. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால் வைத்தால் உலகம் பொறுப்பு. இந்தப் பக்கம் நின்றால் உங்கள் அரசாங்கம் பொறுப்பு. அந்த அரசாங்கத்துக்குப் பயந்துதான் ஓடினீர்கள் என்றாலும் அப்படித்தான்.

சரி, இனி ஒகாட்டா அம்மையாரிடம் வருகிறேன்.

கட்டுரை அவரை வாழ்நாள் முழுக்க வெளிவிவகார அமைச்சில் இருந்தவர் போலக் காட்டுகிறது. அவர் அப்படி வந்தவர் அல்ல, பல்கலைக்கழக ஆசிரியை. ஆனால் இராஜதந்திரம் அவருக்கு வீட்டுச் சங்கதி. தந்தை இராஜதந்திரி. பாட்டனார் வெளிவிவகார அமைச்சராக இருந்தவர். பூட்டனார் இனுகாய் சுயோஷி, ஜப்பானின் பிரதமர். 1932 மே 15ஆம் திகதி இளம் கடற்படை அதிகாரிகள் பிரதமரின் வாசஸ்தலத்துக்குள் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மஞ்சூரியாவை இராணுவம் தன்னிச்சையாகப் பிடித்துவைத்துக்கொண்டு, அங்கே நிறுவிய பொம்மை அரசை அங்கீகரி என்று நெருக்கியபோது இழுத்தடித்த மனிதர் அவர். துப்பாக்கியோடு நின்றவர்களிடம், “பேசினால் புரியும்” என்று அவர் சொன்னதாகவும், “பேச்சு வேண்டாம்” என்று பதில் வந்ததாகவும் ஜப்பானில் இன்றும் சொல்கிறார்கள். அப்போது சடாகோவுக்கு 4 வயது. தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் அமெரிக்காவில் இருந்தது.

பிறகு சீனா, ஹொங்கொங் என்று வளர்ந்து, போர்க்காலத்தில் ஜப்பானில் இருந்து, டோக்கியோவில் பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஜோர்ஜ்டவுனில் முதுகலையும் பேர்க்லியில் கலாநிதிப் பட்டமும் முடித்தார். கலாநிதிப் பட்டத்துக்கு அவர் எடுத்த பொருள் என்ன தெரியுமா? அதே மஞ்சூரியா விவகாரம். 1931இலும் 1932இலும் ஜப்பானின் வெளியுறவுக் கொள்கையை உண்மையில் யார் தீர்மானித்தார்கள், எப்படித் தீர்மானித்தார்கள் என்பது. பூட்டனாரின் கொலையைத் தாண்டி, அந்தக் கொலைக்கு வழிவிட்ட அரசாங்க அறைகளுக்குள் நுழைந்து பார்த்திருக்கிறார். ஒருவர் முடிவெடுக்காமல் மற்றவர் பக்கம் தள்ளிவிட, அவர் இன்னொருவர் பக்கம் தள்ளிவிட, ஒரு நாடு எப்படிப் போருக்குள் இறங்கும் என்பதை இளம் வயதிலேயே ஆவணம் ஆவணமாகப் படித்தவர். பிற்காலத்தில் முடிவு தன் மேசைக்கு வந்தபோது அதைத் தள்ளிவிடாமல் எடுத்ததற்கு இந்தப் படிப்பும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். வரலாறு படிப்பித்தவள் என்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

1968இல் ஐ.நா. பொதுச்சபைக்குப் போகும் ஜப்பானியக் குழுவில் சேரும்படி அவரைத் தூண்டியவர் இச்சிகாவா புசாயே, ஜப்பானியப் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய தலைவி. அப்போது ஒகாட்டா சிறு பிள்ளைகளின் தாய். 1976இல் ஐ.நா.வுக்கான நிரந்தரத் தூதுக்குழு, யுனிசெப் நிர்வாகச் சபைத் தலைமை, 1979இல் தாய்லாந்து எல்லையில் குவிந்த கம்போடிய அகதிகளுக்கான ஜப்பானிய உதவிக்குழுவின் தலைமை, 1980களில் மனித உரிமை ஆணைக்குழுவில் ஜப்பானின் பிரதிநிதி. இடையிடையே வகுப்பறைக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தார். டோக்கியோவின் சோபியா பல்கலைக்கழகத்தில் பீடாதிபதியாக இருந்தபோதுதான், 1990 டிசம்பரில், ஐ.நா. பொதுச்சபை அவரை அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராகத் தெரிவுசெய்தது. முன்னைய உயர் ஸ்தானிகர் ஒரு வருடம்கூட இருக்காமல், நோர்வேயின் வெளிவிவகார அமைச்சராகப் போய்விட்டார். அந்த வெற்றிடத்துக்கு 63 வயதுப் பேராசிரியை. ஐந்தடி உயரம்.

ஜெனிவாவில் அவர் பொறுப்பேற்று ஒரு சில வாரத்தில் ஈராக் வெடித்தது. வளைகுடாப் போர் முடிந்ததும் சதாம் ஹுசைனுக்கு எதிராகக் கிளர்ந்த குர்திஷ் மக்களை ஈராக்கியப் படை அடித்து நொறுக்க, கிட்டத்தட்ட 18 இலட்சம் பேர் மலைகளை நோக்கி ஓடினார்கள். ஈரான் பக்கம் போனவர்கள் 13 இலட்சத்துக்கு மேல். ஈரான் அவர்களை உள்ளே விட்டது. துருக்கி பக்கம் போன நாலு இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குத் துருக்கி எல்லையை மூடியது. பனி உருகாத மலைச்சரிவில், கைக்குழந்தைகளோடு, எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கத்திலேயே அவர்கள் நின்றார்கள். சட்டப்படி ஒருவரும் அகதி இல்லை.

ஒகாட்டா ஹெலிகொப்டரில் போய் அந்த மலைகளைக் கண்ணால் பார்த்தார். திரும்பி வந்து தன் அதிகாரிகளை உட்கார வைத்துப் பேசினார். அந்தக் கூட்டத்தில் ஒரு பக்கம் சொன்னது அலட்சியமான பேச்சு அல்ல. நாட்டுக்குள்ளேயே போய் உதவத் தொடங்கினால், நாளைக்கு எல்லா நாடுகளும் எல்லையை மூடிவிட்டு ‘அங்கேயே கொண்டுபோய்க் கொடுங்கள்’ என்று சொல்லும். புகலிடம் கேட்கும் உரிமையே போய்விடும் என்றார்கள். அந்தப் பயம் வீண் பயமல்ல. பிறகு பல நாடுகள் அப்படித்தான் செய்தன. மறுபக்கம் சொன்னது ஒன்றே ஒன்று: மலையில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரு பக்கத்தையும் கேட்டுவிட்டு, ஈராக்குக்கு உள்ளேயே போவது என்று அவர் முடிவு செய்தார். அமெரிக்க, பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் வடக்கு ஈராக்கில் அமைத்த பாதுகாப்பு வலயத்துக்கு மக்கள் இறங்கி வந்தார்கள். ஜூனில் அங்குள்ள உதவிப் பணியை அவருடைய நிறுவனமான யு.என்.எச்.சி.ஆர்., அதாவது ஐ.நா. அகதிகள் நிறுவனம், பொறுப்பெடுத்தது. சட்டத்தின் எழுத்தை அவர் மீறினார் என்று சிலர் சொல்வார்கள். சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பதைப் பார்த்தார் என்று நான் சொல்வேன்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மடுவில் யு.என்.எச்.சி.ஆர். திறந்த நிவாரண நிலையம் 1990இலேயே தொடங்கிவிட்டது, ஒகாட்டா அம்மையார் ஜெனிவாவுக்கு வர முன்பே. களத்தில் நின்ற அதிகாரிகள் துணிந்து செய்த காரியம் அது. அதனால் நாங்கள் கூரையாகக் கட்டிய தறப்பாளை அவர்தான் தந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் புதிதாக வந்து மேலே உட்காருகிறவர், ‘இவர்கள் எல்லை தாண்டாதவர்கள், எங்கள் வேலை இல்லை’ என்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் எங்கள் கதி என்ன? அவர் போட்ட கையெழுத்து மற்றப் பக்கமாக இருந்தது. ஈராக்கில் எடுத்த முடிவுக்குப் பிறகு, எங்களைப் போன்றவர்களோடு நிற்பது அந்த நிறுவனத்துக்கு ஒளித்துச் செய்யவேண்டிய காரியமாக இருக்கவில்லை.

தறப்பாள் என்றேன். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள், ஏனென்றால் உங்கள் கட்டுரையில் ‘அடிப்படை நிவாரணப் பொருட்கள்’ என்று இரண்டு சொல்லில் போய்விட்டது. நல்ல தடித்த நீலத் தறப்பாள். மூலைகளில் கயிறு கோர்க்க ஓட்டை. எங்களுடையதன் ஒரு முனையைப் பாலை மரத்திலும் மற்றதை வெட்டி நட்ட தடியிலும் கட்டியிருந்தோம். மத்தியானத்தில் உள்ளே இருந்தால் எல்லாமே நீலம்: அம்மாவின் நரைமுடி நீலம், சோறு நீலம். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் கதைப்பது கேட்காது. அதற்குக் கீழே பிள்ளைகள் பதினெட்டுப் பேரைச் சேர்த்து நான் படிப்பித்தேன். கரும்பலகை இல்லை, கொப்பி நாலு பேருக்கு ஒன்று. ஆங்கில எழுத்துப் படிப்பிக்கத் தறப்பாளில் அச்சடித்திருந்ததைத்தான் காட்டினேன். யூ, என், எச், சி, ஆர். எங்கள் பிள்ளைகள் ஏ, பி, சி படிக்க முன்பே அந்த ஐந்து எழுத்தைப் படித்தார்கள். அந்த ஐந்தும் எதைக் குறிக்கின்றன என்று ஒரு பொடியன் கேட்டபோது, “எங்களைப் பார்க்க வேண்டியவர்களின் பெயர்” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெயரின் தலைமையில் ஒரு பெண், அதுவும் என்னைப் போல ஒரு ஆசிரியை இருக்கிறார் என்று பிறகு ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகைத் துண்டில் பார்த்தேன். சீனி சுற்றி வந்த கடதாசி அது. படத்தில் அவர் குண்டு துளைக்காத அங்கி போட்டிருந்தார். அந்த அங்கிக்குள் ஆளே தெரியவில்லை.

அந்தப் படம் பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில், அங்கே போர் நடந்தபோது எடுத்தது. 1992 ஜூலை 3ஆம் திகதி தொடங்கி 1996 ஜனவரி 9ஆம் திகதி வரை, முற்றுகைக்குள் கிடந்த அந்த நகரத்துக்கு யு.என்.எச்.சி.ஆர். ஆகாயவழியாக உணவும் மருந்தும் கொண்டுபோனது. 12,000க்கும் மேற்பட்ட பறப்புகள், ஏறத்தாழ 160,000 தொன் பொருட்கள். பெர்லினுக்கு 1948இல் நடந்த ஆகாயவழி விநியோகத்தைவிட நீண்ட காலம் நடந்தது இது. 1992 செப்டெம்பரில் ஒரு இத்தாலிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அதில் இருந்த நால்வரும் இறந்தார்கள். சரயேவோவில் ஷெல் விழுந்து கண்ணாடி உடைந்த ஜன்னல்களில் எல்லாம் யு.என்.எச்.சி.ஆர். பெயர் போட்ட பிளாஸ்டிக்கை ஒட்டியிருந்த படங்களைப் பிற்காலத்தில் பார்த்தேன். எங்களுக்கு மழைக்கு வந்தது அங்கே பனிக்குப் போயிருக்கிறது. அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1993 பெப்ரவரியில் அவர் செய்த ஒன்றும் கட்டுரையில் இல்லை. கிழக்குப் பொஸ்னியாவில் பட்டினி கிடந்த ஊர்களுக்குப் போகும் லொறிகளை சேர்பியப் படைகள் மறித்தன. அந்த ஊர்களுக்குப் போகாத உதவி எங்களுக்கும் வேண்டாம் என்று சரயேவோவில் இருந்த பொஸ்னிய அரசு பகிஷ்கரித்தது. இரண்டு பக்கமும் சாப்பாட்டை அரசியலாக்குகிறார்கள் என்று சொல்லி, ஒகாட்டா பொஸ்னியாவின் பெரும்பகுதியில் உதவியை நிறுத்திவிட்டார். செயலாளர் நாயகம் பூட்ரஸ் காலிக்கு இது பிடிக்கவில்லை. சில நாளில் பணி மறுபடி தொடங்கியது. ஆனால் பகிஷ்கரிப்பும் முடிந்தது. உதவியை நம்பி இருந்த ஒருத்தியாக இதைப் படித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் லொறி வராவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போதும் அதைச் சரி என்று சொல்ல என் வாய் வரவில்லை. ஆனால் மனிதரின் பசியைப் பணயம் வைத்து விளையாடியவர்களைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்ட ஒரு ஐ.நா. அதிகாரி துணிந்தார் என்பதை மறைக்கவும் கூடாது.

மறைக்கக் கூடாதது இன்னும் உண்டு. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து சயர் நாட்டின் (இன்றைய கொங்கோ) கோமாவுக்கு நாலைந்து நாளில் கிட்டத்தட்ட பத்து இலட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். எரிமலைக் குழம்பு இறுகிய பாறை நிலம். குழி தோண்டவும் முடியாது, மலசலகூடம் வெட்டவும் முடியாது. வாந்திபேதி பரவிச் சில வாரத்தில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள். அதைவிடக் கொடுமை, அந்த மக்களோடு மக்களாக, டுட்சி இனத்தவரைக் கொன்று குவித்த படையினரும் ஆயுதக் குழுவினரும் வந்திருந்தார்கள். முகாம் அவர்கள் பிடிக்குள் போனது. நிவாரண அரிசி கொலைகாரரின் வயிற்றுக்கும் போனது. சில உதவி நிறுவனங்கள் இதைச் சொல்லியே வெளியேறின. ஒகாட்டா வெளியேறவில்லை. முகாமில் குழந்தைகளும் தாய்மாரும் இருக்கிறார்களே என்பதே அவர் வாதம். ஆயுததாரிகளைப் பிரித்தெடுக்கப் படை தாருங்கள் என்று நாடுகளிடம் கேட்டார், யாரும் தரவில்லை. கடைசியில் சயர் நாட்டுப் படையினர் ஏறத்தாழ 1,500 பேருக்குப் பணம் கொடுத்து முகாம்களுக்குக் காவல் போட்டார்கள். 1996இல் அந்த முகாம்கள் தாக்கப்பட்டுக் கலைந்தன. பல இலட்சம் பேர் ருவாண்டாவுக்குத் திரும்பினார்கள், காட்டுக்குள் ஓடியவர்களில் எத்தனையோ பேர் மாண்டுபோனார்கள். அதே வருடக் கடைசியில் தன்சானியா ருவாண்டா அகதிகளைத் திருப்பி அனுப்பியபோது யு.என்.எச்.சி.ஆர். அதற்கு உடன்பட்டு நின்றது. மனித உரிமை அமைப்புகள் கடுமையாகக் கண்டித்தன, நியாயமான கண்டனம்.

இதை எல்லாம் ஏன் சொல்கிறேன்? உங்கள் கட்டுரை அவரை ஒரு தெய்வமாக நிறுத்திப் பூமாலை போட்டுவிட்டது. எங்களுக்குப் பூமாலை வேண்டாம். எங்கள் மாணவர்கள் பார்க்கவேண்டியது, இரண்டு பக்கமும் பிழையாகத் தெரியும்போது ஒரு மனிதர் எப்படி மேசையில் உட்கார்ந்து ஒன்றைத் தெரிவுசெய்தார், அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை. மனிதாபிமானப் பிரச்சினைகளுக்கு மனிதாபிமானத் தீர்வு கிடையாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அரிசியும் தறப்பாளும் உயிரைப் பிடித்து வைக்கும், ஆனால் ஓட வைத்த காரணத்தை அரசியல்வாதிகள்தான் தீர்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். மடுவில் தறப்பாளுக்குக் கீழே இருந்து நாங்களும் அதைத்தான் கதைத்தோம், இந்தச் சொற்களில் அல்ல. அம்மா சொல்வார்: “அரிசி தாறவை நல்லாயிருக்கட்டும், ஆனா சண்டையை நிப்பாட்டுறவை எங்கே?”

2000 டிசம்பரில் பதவி முடிந்து போகும்போது, அகதிப் பிள்ளைகளின் இடைநிலைக் கல்விக்காக ஒரு நிதியத்தைத் தொடக்கிவைத்துவிட்டுப் போனார். முகாம்களில் ஆரம்பப் பாடசாலை எப்படியோ நடந்துவிடும், அதற்கு மேலே பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என் பதினெட்டுப் பேரில் சாதாரண தரப் பரீட்சை வரை வந்தவர்கள் ஆறு பேர். அதனால் அவருடைய எல்லா விருதுகளையும்விட இந்த நிதியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கட்டுரையில் அது இல்லை.

அதற்குப் பிந்திய காலத்தை நீங்கள் ஓரளவு எழுதியிருக்கிறீர்கள். அமர்த்தியா சென்னோடு சேர்ந்து மனிதப் பாதுகாப்பு ஆணைக்குழுவுக்குத் தலைமை, 2003இலிருந்து 2012 வரை ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜைக்காவின் தலைமை. ஜைக்கா என்றால் எங்கள் நாட்டில் பாலத்திலும் தண்ணீர்த் திட்டத்திலும் பெயர்ப்பலகையாகத் தெரியும். 76 வயதில் அதற்குத் தலைவியாக வந்தவர் தலைமையகத்து ஆட்களைக் களத்துக்கு அனுப்பினார், ஆபிரிக்காவின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். 2002இல் பிரதமர் கொய்சுமி வெளிவிவகார அமைச்சர் பதவி தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றார். இன்னொன்று: தன் சொந்த நாடு பணத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு அகதிகளை மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே உள்ளே எடுப்பதை அவர் வெளிப்படையாகக் குறை சொன்னார். ஒரு நாட்டின் பிரதிநிதியாக இருந்தவர் அந்த நாட்டைப் பற்றி அப்படிச் சொல்வது இலேசான காரியமா?

கடைசியாக ஒரு வேண்டுகோளும் ஒரு திருத்தமும். மாணவர் பக்கத்தில் ஒரு நாள் 1991 ஏப்ரல் முடிவை மட்டும் எடுத்து, துருக்கி, ஈராக், ஈரான் எல்லை காட்டும் ஒரு வரைபடத்தோடு போடுங்கள். மக்கள் நின்ற மலை கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் தங்கள் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். அவர்களில் பலரின் அம்மாவும் அம்மம்மாவும் அப்படி ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள்.

திருத்தம் இது: அம்மையார் 2018இல் காலமானார் என்று அச்சாகியிருக்கிறது. 2019 ஒக்டோபர் 22ஆம் திகதி என்பதே சரி. அப்போது அவருக்கு 92 வயது. தயவுசெய்து அதை மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
மன்னார்.